அந்த அம்மாவுக்கு ஏன் பெயர் இல்லை?

காலனித்துவ கால இந்தியச் சிறுகதைகள் சிலவற்றை முன்வைத்து ஒரு வாசிப்பு

சென்ற ஆண்டு பாடசாலை மட்டத் தமிழ்த்தினப் போட்டிக்கு நான் ஒரு சிறுகதை எழுதினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கதை அது. பனி, அட்டை, கூடை, பசித்த பிள்ளை எல்லாம் அதில் இருந்தன. முதலிடமும் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி மலையகத்துப் பிள்ளை. அவளுடைய வீட்டுக்குப் பின்னால் லயன் வரிசை இருக்கிறது. என் கதையை வாசித்துவிட்டு அவள் இரண்டு கேள்விகள் கேட்டாள்.

"அந்த அம்மாக்கு ஏன் ஒரு பேர் இல்ல? கொழுந்து நிறுக்கிற நேரம் அவ என்ன கதைப்பா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது கடலோர ஊரில். தேயிலைத் தோட்டத்தை பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

இதை எங்கள் தமிழ் ரீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மகள், இது உங்கட பிழை மட்டுமில்ல. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில இந்தியாவப் பத்தி எழுதின கதைகள எடுத்து வாசிங்க. எழுதினவர் எங்க நிண்டு எழுதினார் எண்டு மட்டும் பாருங்க" என்றார். அந்த விடுமுறையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைத்த கதைகளை வாசித்தேன். அந்த வாசிப்பில் நான் கற்றுக்கொண்டதை எனது சக மாணவிகளோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலப் பின்னணி

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1858இல் இந்தியா பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன் பின்னரான தொண்ணூறு ஆண்டுகளில் அச்சகங்களும் பத்திரிகைகளும் பெருகின. சிறுகதை வளர்ந்த இடம் இந்தப் பத்திரிகைகள்தான். ஆங்கிலப் பத்திரிகைகளைப் பெரும்பாலும் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் வாசித்தனர். வங்காளி, உருது, ஹிந்தி, தமிழ்ப் பத்திரிகைகளை அந்தந்த மொழி மக்கள் வாசித்தனர். எனவே ஒரே தெருவையும் ஒரே வீட்டையும் பற்றிய கதைகள் இரு வேறு வாசகர்களுக்காக எழுதப்பட்டன. ஒரு சாராருக்கு அந்த வீடு புதினம். மற்றவருக்கு அது தாங்கள் குடியிருக்கும் வீடு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கதைகளுக்குள் செல்வோம்.

யன்னலுக்கு வெளியே: கிப்ளிங்

ருட்யார்ட் கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்தவர். சிறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1882இல் பதினாறு வயதில் திரும்பி வந்து லாகூரில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அதில் எழுதிய பல கதைகளோடு வேறு கதைகளையும் சேர்த்து 1888இல் வெளிவந்த 'மலைகளிலிருந்து எளிய கதைகள்' என்ற தொகுதியே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1907இல் நோபல் பரிசு பெற்றார்.

அத்தொகுதியின் முதற்கதை 'லிஸ்பெத்'. மலைநாட்டுப் பெண் ஒருத்தி பாதிரியார் வீட்டில் வளர்கிறாள். விபத்தில் சிக்கிய ஓர் ஆங்கிலேயனைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறாள். அவன் தன்னை மணம் முடிக்கத் திரும்பி வருவான் என்று நம்புகிறாள். அவன் வரமாட்டான் என்பது பாதிரியாரின் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் பெண்ணை அமைதிப்படுத்துவதற்காகப் பொய் சொல்கிறார். உண்மை தெரிந்ததும் லிஸ்பெத் அந்த வீட்டை விட்டுத் தன் சனத்திடமே போய்விடுகிறாள். பொய் சொன்னது யார் என்பதைக் கிப்ளிங் மறைக்கவில்லை. ஆகவே அவர் தன் இனத்தாரைப் புகழ மட்டுமே எழுதினார் என்று சொல்வது நியாயமாகாது.

ஆனாலும் 1890இல் அவர் எழுதிய இன்னொரு கதை எனக்கு வேறொன்றைக் காட்டியது. அதில் வரும் அமீரா ஒரு முஸ்லிம் பெண். வயது பதினாறு. வறுமைப்பட்ட தாய் அவளை ஹோல்டன் என்ற ஆங்கில அதிகாரிக்குப் பணத்துக்குக் கொடுத்துவிடுகிறாள். நிக்காஹ் இல்லை, ஊருக்குத் தெரியாத வாழ்க்கை. ஹோல்டன் அவள்மீது உண்மையான அன்பு வைக்கிறான். ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. குழந்தை காய்ச்சலில் போய்விடுகிறது. பின்னர் கொலரா வருகிறது; அமீராவும் இறக்கிறாள். கடைசியில் அந்த வீட்டையே இடித்துவிட முடிவாகிறது.

வாசிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். கதை பெரும்பாலும் ஹோல்டனோடேயே நடக்கிறது. அவன் வேலை முடிந்து வந்தால் நாமும் அந்த வீட்டுக்குள் வருகிறோம். அவன் வெளியேறினால் நாமும் வெளியேறுகிறோம். அமீரா பிள்ளை பெறும் நேரம் ஹோல்டன் வெளியூர்க் கடமையில் இருக்கிறான். ஆகவே நாமும் அங்கே இல்லை. பகல் முழுவதும் அவள் யாரோடு பேசினாள், என்ன சமைத்தாள், தன்னைப் பணத்துக்குக் கொடுத்த தாயோடு அதே வீட்டில் எப்படி இருந்தாள்? அமீராவின் துயரத்தைக் கிப்ளிங் பார்த்தார். அவளுடைய பகலை அவர் பார்க்கவில்லை.

நானும் அதைத்தான் செய்திருந்தேன். என் கதையின் தாய் அழுதாள். ஆனால் அவளுக்கு ஒரு நாள் முழுவதும் இருக்கவில்லை.

வாசலில்: தாகூர்

1892இல் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய 'காபூலிவாலா' பலருக்கும் தெரிந்த கதை. கல்கத்தாவில் முந்திரிகையும் உலர்ந்த பழங்களும் விற்கும் ரஹ்மத், காபூலிலிருந்து வந்தவர். எழுத்தாளர் ஒருவரின் ஐந்து வயது மகள் மினியோடு அவருக்கு நட்பு உண்டாகிறது. மினியின் தாய்க்குப் பயம். பிள்ளை பிடிப்பவனாக இருந்தால் என்ன செய்வது? கடன் தகராறு ஒன்றில் ஒருவனைக் கத்தியால் குத்தியதால் ரஹ்மத் சிறைக்குப் போகிறார். பல வருடங்களின் பின் அவர் திரும்பி வரும் நாள் மினியின் திருமண நாள்.

மினியின் தந்தை அவரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார். அப்போது ரஹ்மத் தன் அங்கியின் உள்ளேயிருந்து ஓர் அழுக்குக் காகிதத்தை எடுக்கிறார். அதில் ஒரு சிறுமியின் கைப்பதிவு. விளக்குக் கரியைக் கையில் பூசி ஒற்றி எடுத்தது. அது ஊரிலுள்ள அவருடைய மகளின் கை. அதைக் கண்டதும் எழுத்தாளருக்கு எதிரில் நிற்பவர் காபூல்காரர் என்பது மறைந்து போகிறது. அவரும் ஒரு தகப்பன் என்பது தெரிகிறது. திருமணத்துக்கு ஒதுக்கிய விளக்கு அலங்காரத்தையும் பாண்ட் வாத்தியத்தையும் குறைத்து, ரஹ்மத் ஊர் போய்ச் சேரப் பணம் கொடுக்கிறார். வீட்டுப் பெண்களுக்கு அதில் மனவருத்தம் என்பதையும் தாகூர் சொல்லத் தவறவில்லை.

இங்கே ஆட்சியாளர் யாரும் கதைக்குள் வரவில்லை. ஓர் இந்தியர் இன்னோர் அந்நியரைப் பார்க்கிறார். அவரும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். வேறுபாடு என்னவென்றால், தாகூர் தன் சொந்த வீட்டின் சந்தேகத்தையும் கதைக்குள் வைத்தார். அத்துடன், ரஹ்மத்தின் அன்பை விளக்க நீண்ட வசனம் எழுதாமல் ஒரு கரிபடிந்த காகிதத்தைக் காட்டினார். காபூல் வீட்டுக்குள் தாகூர் போகவில்லை. போனதாகப் பாவனை செய்யவுமில்லை. வாசலில் நின்றபடியே, அந்த வீட்டிலிருந்து வந்த ஒரு பொருளைக் கவனமாகப் பார்த்தார். தெரியாத வாழ்க்கையைப் பற்றி எழுத விரும்புவோருக்கு இது ஒரு நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

காசை எண்ணியவர்: பிரேம்சந்த்

பிரேம்சந்தின் இயற்பெயர் தன்பத் ராய். 1880இல் காசிக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். 'நவாப் ராய்' என்ற பெயரில் 1908இல் அவர் வெளியிட்ட உருதுச் சிறுகதைத் தொகுதி 'சோஸே வத்தன்'. அதில் தேசப்பற்று இருந்ததால் ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. அப்போது அவர் அரசாங்கக் கல்வித் திணைக்களத்தில் வேலை செய்தார். மாவட்ட அதிகாரி அவரை அழைத்து எச்சரித்தார். மிஞ்சிய பிரதிகள் எரிக்கப்பட்டன. அதன் பின்னர்தான் 'பிரேம்சந்த்' என்ற புதுப்பெயரில் எழுதத் தொடங்கினார். சிறுகதைக்கு அன்று எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

அவருடைய 'ஈத்காஹ்' கதையை வாசிக்காத மாணவிகள் அவசியம் வாசிக்க வேண்டும். ஹாமித் தாய் தகப்பன் இல்லாத சின்னப் பிள்ளை. வாப்பும்மா அமீனா மட்டும்தான் துணை. நோன்புப் பெருநாள் விடிகிறது. வீட்டில் உள்ள மொத்தக் காசு இரண்டு அணா, அதாவது எட்டுப் பைசா. அதில் மூன்று பைசா ஹாமித்தின் பையில், ஐந்து பைசா அமீனாவின் பணப்பையில். அந்த ஐந்தில் பெருநாளையே ஓட்ட வேண்டும்.

பெருநாள் தொழுகை முடிந்து சந்தையில் மற்றப் பிள்ளைகள் களிமண் பொம்மையும் இனிப்பும் வாங்குகிறார்கள். ஹாமித் ஆசையோடு பார்க்கிறான், வாங்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் ஓர் இடுக்கியைக் காண்கிறான். ரொட்டி சுடும்போது வாப்பும்மாவின் விரல் சுடுவது நினைவுக்கு வருகிறது. கடைக்காரன் ஆறு பைசா சொல்கிறான், பின்னர் ஐந்து என்கிறான். ஹாமித் மூன்று பைசாவுக்குப் பேசி வாங்கிவிடுகிறான். இடுக்கியைக் கண்டு முதலில் ஏசும் அமீனா, காரணம் கேட்டதும் அழுது துஆ கேட்கிறார்.

பிரேம்சந்த் முஸ்லிம் அல்லர். அவர் அநாதைச் சிறுவனாகவோ முதிய பெண்ணாகவோ இருந்து இதை எழுதவுமில்லை. பிறப்பால் பார்த்தால் அவரும் வெளியாள்தான். ஆனால் அவர் அந்தக் குடும்பத்தின் காசை எண்ணியிருக்கிறார். ஹாமித் சந்தைக்குப் போவதற்கு முன்பே, அமீனா தனியே கவலைப்படும் இடத்தில் நம்மை இருத்தியிருக்கிறார். எந்த விரல் எந்த வேலையில் சுடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பம்பாயில் பிறந்த கிப்ளிங் அமீராவின் பகலைப் பார்க்கவில்லை. இவரோ அமீனாவின் அடுப்படி வரை போயிருக்கிறார். ஒருவர் எங்கே பிறந்தார் என்பதை விட, எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து கவனித்தார் என்பதே கதையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றியது இக்கதையை வாசித்த பின்னர்தான்.

உள்வீட்டிலிருந்து: ரொகேயா, ரஷீத் ஜஹான்

பிரேம்சந்த் பிறந்த அதே 1880இல் இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில் பிறந்தவர் ரொகேயா சகாவத் ஹுசைன். நம் வீடுகளில் 'ருகையா' என்று அழைக்கும் பெயரையே வங்காளிகள் இப்படிச் சொல்வர். பெண் பிள்ளைகள் வங்காளமோ ஆங்கிலமோ கற்பதை அவரது தந்தை விரும்பவில்லை. மூத்த சகோதரர் இரவில் மற்றவர்கள் உறங்கிய பின் விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆங்கிலத்தில்தான் 1905இல் 'சுல்தானாவின் கனவு' பிறந்தது. அது வெளிவந்த இடம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் சஞ்சிகை என்பது தமிழ் வாசகர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சுல்தானா கனவில் ஒரு நாட்டைக் காண்கிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் உண்டு. சூரிய வெப்பத்தைச் சேகரித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் இல்லை. சிரிக்க வைக்கும் கதை. ஆனால் சிரித்து முடிந்ததும், ஆணைப் பூட்டி வைப்பது நமக்கு விசித்திரமாகத் தெரிகிறதே, பெண்ணைப் பூட்டி வைத்தது ஏன் விசித்திரமாகத் தெரியவில்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது.

ரொகேயா பர்தாவைக் கைவிட்டவர் அல்லர். பர்தாவைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஒழுக்கத்துக்கான ஆடை வேறு, அறிவும் காற்றும் வராமல் அடைத்து வைப்பது வேறு என்பதே அவர் வாதம். 1931இல் வெளியான 'அவரோத்பாசினி' என்ற நூலில் அப்படி அடைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய 47 சிறு குறிப்புகளை எழுதினார். அதில் ஒன்று, அவரது கணவரின் உறவுப் பெண் ஒருவரைப் பற்றியது. ரயில் மாறும்போது அவர் புர்க்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுகிறார். தூக்கிவிட வந்த ஆண்களை, தொடக்கூடாது என்று வேலைக்காரப் பெண் தடுக்கிறாள். அவளால் தனியே தூக்க முடியவில்லை. கடைசியில் ரயில் புறப்பட்டுவிடுகிறது. உயிர் போகும் நேரத்தில் உதவி செய்வதை நமது மார்க்கம் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது மார்க்கம் அல்ல, அறியாமை. அறியாமைக்கு மருந்தாக ரொகேயா பாடசாலையைக் கண்டார். கணவர் இறந்த பின் 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு தொடங்கிய பாடசாலையை, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மீண்டும் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது.

இன்னொரு ரயில் நிலையத்தை எழுதியவர் ரஷீத் ஜஹான். அலிகாரில் முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை நிறுவிய ஷேக் அப்துல்லாஹ்வின் மகள் அவர். டெல்லியில் மருத்துவம் கற்று வைத்தியரானவர். 1932இல் லக்னோவில் நான்கு இளம் எழுத்தாளர்கள் சேர்ந்து 'அங்காரே' என்ற உருதுத் தொகுதியை வெளியிட்டனர். அதில் இவருடைய கதையொன்றும் நாடகமொன்றும் இருந்தன. உலமாக்களும் ஊராரும் கொதித்தனர். 1933 மார்ச்சில் அரசாங்கம் நூலைத் தடை செய்தது. அத்தொகுதியில் சமய உணர்வைப் புண்படுத்தும் பகுதிகள் இருந்தன. அவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ரஷீத் ஜஹானின் 'டெல்லிப் பயணம்' அப்படிப்பட்ட கதையல்ல.

ஃபரீதாபாத்திலிருந்து ஒரு பெண் கணவனோடு ரயிலில் டெல்லி பார்க்கப் போகிறாள். நிலையத்தில் இறங்கியதும் கணவன் தன் நண்பனைக் கண்டு அவனோடு போய்விடுகிறான். அவள் புர்க்காவோடு பெட்டி படுக்கைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். பார்வைகள், கேலிகள், பசி. நீண்ட நேரத்தின் பின் சாப்பிட்டு முடித்து வந்த கணவன் உனக்கும் பூரி வேண்டுமா என்று கேட்கிறான். டெல்லி பார்த்தது போதும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள் அவள். இவ்வளவுதான் கதை. ஊர் திரும்பியவள் தோழியருக்கு இதைச் சொல்லும் விதமாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அவளை யாரும் வெளியிலிருந்து பார்த்து இரக்கப்படவில்லை. அவள்தான் பார்க்கிறாள், கேலி செய்கிறாள், கோபப்படுகிறாள். புர்க்காவுக்குள் இருந்த கண்கள் முழு நிலையத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தன.

மூன்று கேள்விகள்

இக்கதைகளை வாசித்த பின், எந்தக் கதைக்கும் பொருந்தக்கூடிய மூன்று கேள்விகளை என் கொப்பியில் எழுதி வைத்தேன். பரீட்சைக்கும் உதவலாம், எழுதும்போதும் உதவலாம்.

முதலாவது: கதை யாரோடு நடக்கிறது? அமீராவின் கதை ஹோல்டனோடு நடந்தது. டெல்லிப் பயணம் அந்தப் பெண்ணோடேயே நடந்தது.

இரண்டாவது: பாத்திரம் தனியே இருக்கும்போது நாம் அங்கே இருக்கிறோமா? அமீனா தனியே காசை எண்ணும்போது நாம் இருந்தோம்.

மூன்றாவது: பாத்திரத்துக்குத் துயரத்தைத் தவிர வேறென்ன கொடுக்கப்பட்டிருக்கிறது? ரஹ்மத்துக்கு ஒரு காகிதம் இருந்தது. ஹாமித்துக்குப் பேரம் பேசத் தெரிந்தது. சுல்தானாவுக்குச் சிரிப்பு இருந்தது. என் கதையின் தாய்க்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

பிறர் நம்மைப் பற்றி எழுதும்போது, முஸ்லிம் பெண் என்றால் ஒரு கறுப்புத் துணி, அதற்குள் ஒரு கண்ணீர் என்று முடித்துவிடுகிறார்களே என நாம் வகுப்பில் பலமுறை ஆதங்கப்பட்டிருக்கிறோம். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதே நாங்கள் இன்னொருவரை எழுதும்போது ஒரு கூடை, அதற்கு மேல் ஒரு கண்ணீர் என்று முடித்துவிடுகிறோம். முதலாவதை எதிர்க்க வேண்டுமானால் இரண்டாவதை நிறுத்த வேண்டும்.

விடுமுறை முடிந்து வந்ததும் விடுதி விறாந்தையில் தோழியோடு உட்கார்ந்தேன். அவளுடைய பக்கத்து லயனில் இருக்கும் ஒரு தாயைப் பற்றிக் கேட்டேன். அவர் எத்தனை மணிக்கு எழும்புவார், யாரோடு மலைக்குப் போவார், நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள், பகிடி விடுவாரா? தோழி சொல்லச் சொல்ல என் பழைய கதையில் ஒரு வரியும் மிஞ்சவில்லை. அந்தத் தாய் நன்றாகப் பகிடி விடுவாராம். நிறுவைத் தராசு பொய் சொன்னால் எல்லாருக்கும் முன்னால் சத்தமாகவே கேட்டுவிடுவாராம்.

இந்த இதழுக்குச் சிறுகதை தருவதாகத்தான் ரீச்சரிடம் சொல்லியிருந்தேன். கதை இன்னும் முடியவில்லை. வருகிற விடுமுறையில் தோழியின் வீட்டுக்குப் போக வாப்பாவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். போய் வந்த பின், இன்ஷா அல்லாஹ், முடிப்பேன். அதற்குப் பதிலாகவே இக்கட்டுரை. ஆனால் கதையின் முதல் வரியை எழுதிவிட்டேன். அது அந்த அம்மாவின் பெயரோடு தொடங்குகிறது.